‘போர்ட் ஆஃப் கால்’: ரேடியோவில் கூப்பிடுவதா?

கப்பல் ரேடியோவில் கூப்பிட்டு அனுமதி கேட்கும் துறைமுகம் என்பதால்தான் ‘போர்ட் ஆஃப் கால்’ என்று பெயர் வந்ததாக ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி கப்பலேறியதே 1890-களின் கடைசியில்தான். இந்தச் சொல் அதற்கு வெகு முன்பே புழக்கத்தில் இருந்தது.

இங்கே ‘கால்’ என்பது கூப்பிடுவது அல்ல. போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது. தண்ணீர், காய்கறி, சரக்கு, ஆள் ஏற்ற இறக்க நிற்கும் இடம். 1652-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப் டவுனில் தளம் போட்டதே இதற்குத்தான்.

கப்பலைக் கரையில் கட்டினால்தான் அந்தத் துறைமுகம் கணக்கில் சேரும் என்றும் அதே செய்தி சொல்கிறது. அதுவும் இல்லை. 1912 ஏப்ரல் 10 அன்று சவுத்தாம்ப்டனில் கிளம்பிய டைட்டானிக், நியூயார்க் போகும் வழியில் பிரான்ஸின் செர்பூர், அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் இரண்டிலும் நின்றது. எதிலும் கரையை ஒட்டவில்லை. அந்தப் பெரிய உடம்புக்கு அங்கே இடம் ஏது? வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்க, பயணிகளையும் தபால் மூட்டைகளையும் துணைக் கப்பல்கள்தான் கொண்டுவந்து சேர்த்தன. குயின்ஸ்டவுனில் நின்றது சுமார் இரண்டே மணி நேரம். அப்புறம் நேரே அட்லாண்டிக்.