வால்வில் கேட்கும் அந்த ஆழம்

வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரில் பாடகர் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் நாலடி தள்ளி நிற்கிறார் என்றும், டிரான்சிஸ்டரில் அவரே சுவரில் ஒட்டிய படமாகிவிடுகிறார் என்றும் சொல்பவர்களில் நானும் ஒருவனாகப் பல ஆண்டுகள் இருந்தேன். கேட்டது பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன்; ஒலிகளை இடம் பிரித்துக் காட்டும் திறன் வால்வுக்கே உண்டு என்று அதற்கு நாங்கள் கற்பித்துக்கொண்ட காரணம்தான் தவறு.

ஸ்டீரியோவில் ஒலியின் திசை என்பது, இரு காதுகளையும் அடையும் ஒலியின் நேர வேறுபாட்டையும் அளவு வேறுபாட்டையும் கொண்டு மூளை கட்டியெழுப்பும் தோற்றம். ஸ்டீரியோவின் முன்னோடியான பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931-இல் விண்ணப்பித்த காப்புரிமையின் அடிப்படையும் இதுவே. இரண்டு சானல்களையும் ஒரேபோல் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர், எந்த வகையாக இருந்தாலும், இந்த வேறுபாடுகளை மாற்றுவதில்லை. ஒரு சானல் மற்றொன்றில் கசிவதைக் காரணமாகக் காட்டுபவர்கள், சானல்களுக்கிடையே 25 முதல் 30 டெசிபல் பிரிவே உள்ள இசைத்தட்டு முள்ளும் அகன்ற ஒலி மேடையைத் தருவதை எண்ணிப் பார்க்க வேண்டும். சொல்லப்போனால் இந்த விஷயத்தில் வால்வுக்குத்தான் சங்கடம்: ஒரு பக்க வால்வு முன்னதாகத் தேய்ந்தால் நடுவில் நிற்க வேண்டிய குரல் மெல்ல ஓரம் சாயும்.

அப்படியானால் ஆழம் எங்கிருந்து வந்தது? என் பதில், வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டிலேயே மின்னோட்டத்துக்கு உள்ள தடை. ஸ்பீக்கரின் மின்மறுப்பு பெட்டியின் பின்னால் அச்சிட்டிருக்கும் 8 ஓம் அல்ல. அது அலைவெண்ணுக்கேற்ப 4 ஓமுக்கு இறங்கும், 20 ஓமுக்கு ஏறும். பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழையைக் குறைக்கும் முறை) இல்லாத, டிரையோடு என்னும் எளிய வால்வு கொண்ட ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் 2 ஓம் இருப்பது சாதாரணம். அந்த 2 ஓமோடு கணக்கிட்டால், ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் இந்த இரு எல்லைகளுக்கிடையே ஏறத்தாழ 2.7 டெசிபல் மாறுகிறது. டிரான்சிஸ்டரில் 0.05 ஓம் என்று வைத்துக்கொண்டால் மாற்றம் 0.1 டெசிபலைக்கூட எட்டாது. அதாவது வால்வு ஆம்ப்ளிஃபயர், அந்தக் குறிப்பிட்ட ஸ்பீக்கருக்கென்றே அமைந்த ஒரு டோன் கன்ட்ரோலாகவும் வேலை செய்கிறது. என் ஸ்பீக்கரில் 3 கிலோஹெர்ட்ஸ் அருகே மின்மறுப்பு தாழ்கிறது. அங்கே ஒலி குறையும்போது குரல் பின்வாங்குகிறது, அதைத்தான் நான் ஆழம் என்று கேட்டிருக்கிறேன்.

இதைச் சோதிக்க டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே, பக்கத்திற்கு ஒன்றாக, 2 ஓம் மின்தடையைத் தொடராக இணைத்தேன். வோல்ட்மீட்டரை வைத்து ஒலியளவைச் சமப்படுத்தாமல் இந்தச் சோதனையில் இறங்குவது வீண், ஏனெனில் சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் விசாலமாகவே தோன்றும். மின்தடை சேர்ந்ததும் பாடகர் தம் நாலடிக்குத் திரும்பிப் போய்விட்டார். எனக்குச் சற்று வெட்கமாகவும் இருந்தது.

1985-இல் அமெரிக்க ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பாளர் பாப் கார்வர், எந்த ஆம்ப்ளிஃபயரின் ஒலியையும் தம்மால் நகலெடுக்க முடியும் என்று சவால் விட்டு, அதை ஏற்ற ஸ்டீரியோஃபைல் என்னும் ஆடியோ இதழுக்காக, இரு ஆம்ப்ளிஃபயர்களின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, எஞ்சியதைக் குறைத்துக்கொண்டே போய்த் தம் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் போலவே ஒலிக்கச் செய்தார். அந்த இதழின் விமர்சகர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை.

எல்லாம் மின்மறுப்பில் அடங்கிவிடும் என்று நான் வாதிடவில்லை. ஸ்பீக்கரின் அதிர்வை வாங்கி வால்வே லேசாக ரீங்கரிப்பதும், மூல ஒலியின் இரு மடங்கு அலைவெண்ணில் எழும் இரண்டாம் ஒத்திசை சேர்வதும் தம் பங்குக்கு ஏதாவது செய்யக்கூடும். என் வால்வு ஆம்ப்ளிஃபயரை நான் விற்கவில்லை. ஆனால் மேடை தட்டையாகத் தெரிந்தால் இப்போதெல்லாம் முதலில் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இன்னும் ஓரடி முன்னே நகர்த்திப் பார்க்கிறேன்.