பிழை அப்படியே இருக்கிறது, புகாரை மட்டும் மூடிவிட்டார்கள்

லினக்ஸ் ஓடும் என் லேப்டாப்பை மூடித் திறந்தால் திரை கருப்பாகவே நிற்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பழைய பதிப்பில் பூட் செய்தால் ஒழுங்காக வேலை செய்கிறது, புதியதில்தான் இந்தத் தொல்லை. முந்தைய பூட்டின் பதிவை (லாக்) ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை மூலம் எடுத்து இணைத்து, என் டிஸ்ட்ரோவுக்கு, அதாவது லினக்ஸைத் தொகுத்துத் தருபவர்களுக்கு, விவரமாகப் புகார் எழுதினேன்.

"இது அப்ஸ்ட்ரீம் சிக்கல், அங்கே சொல்லுங்கள்" என்று பதில் வந்தது. அப்ஸ்ட்ரீம் என்றால் கெர்னலை எழுதும் மூலக் குழு. சரி என்று அங்கே போனால், "உங்கள் டிஸ்ட்ரோ தன் சொந்த பேட்ச்களை (திருத்தங்களை) சேர்த்திருக்கிறது, மூலக் கெர்னலில் சோதித்துவிட்டு வாருங்கள்" என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. டிஸ்ட்ரோவின் மென்பொருள் பேக்கேஜ்களைப் பராமரிப்பவர்களில் பலர் சம்பளமே வாங்காதவர்கள். ஆனாலும் நடுவில் நிற்கும் பயனர் எங்கே போவார்?

அப்புறம் கிட் பைசெக்ட் செய்யச் சொல்வார்கள், அதாவது மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து, பிழை எதில் நுழைந்தது என்று தேடுவது. அருமையான முறைதான், 1,000 மாற்றங்கள் இருந்தாலும் சுமார் 10 சோதனைகளில் குற்றவாளி சிக்கிவிடும். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் கெர்னலை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து (ஓடக்கூடிய வடிவமாக்கி), நிறுவி, ரீபூட் செய்ய வேண்டும். சாதாரண லேப்டாப்பில் ஒரு கம்பைலே மணிக்கணக்கில் ஓடும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். டிஸ்ட்ரோவின் அந்தப் பதிப்புக்கு ஆதரவுக் காலம் முடிந்தது என்று ஒரு பாட் (தானியங்கி நிரல்) வந்து புகாரைத் தானாக மூடுகிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். பிழை புதிய பதிப்பிலும் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி திறக்க வேண்டியதும் நாம்தான். மூடுவதற்கு முன் ஒரு மனிதர் அதைப் படித்து, "பார்த்தேன், இப்போது நேரமில்லை" என்று ஒரு வரி எழுதக் கூடாதா?