அஞ்சு வருஷம் முடியும்வரை இழுத்தடிப்பார்கள், விடாதீர்கள்

“செட்டில்மென்ட் கிராக் சார், கட்டடம் மண்ல அமர்றப்ப விழற விரிசல், எல்லா வீட்லயும் வரும். பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சா சரியாயிடும்.” சென்னையில் புது ஃபிளாட் வாங்கிய யாரைக் கேட்டாலும் இந்த வசனத்தை ஒப்பிப்பார்கள். பில்டரின் ஆள் வருவார், போனில் படம் எடுப்பார், “ஆபீஸ்ல சொல்லிடறேன்” என்று கிளம்பிவிடுவார். அடுத்த மழைக்கு அதே சுவர் மறுபடி ஊறும். இப்படியே அஞ்சு மழையை ஓட்டிவிட்டால் அவர்கள் பொறுப்பு தீர்ந்தது. வயிறு எரிகிறது.

2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-வது பிரிவைப் படியுங்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் குறையைச் சொன்னால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும், தவறினால் இழப்பீடு தர வேண்டும். தூண், பீம் மட்டுமல்ல, வேலையின் தரம், பொருளின் தரம், செய்து தந்த வசதிகள் எல்லாமே இதில் வரும். “ஸ்ட்ரக்சருக்குத்தான் அஞ்சு வருஷம், மத்ததுக்கு ஒரு வருஷம்” என்று கூசாமல் சொல்கிறார்கள், ஒப்பந்தத்திலும் அச்சடித்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். சட்டம் கொடுத்ததை அந்த வரியால் பறிக்க முடியாது. வீட்டை ஒப்படைத்ததற்குத் தரும் பொசஷன் லெட்டரில் உள்ள தேதியைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள், பத்திரம் பதிந்த தேதியை அல்ல.

மாடுலர் கிச்சனுக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறோம். பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினீயரைக் கூட்டிவந்து காட்ட மட்டும் கை வருவதில்லை! கெடு ஜூனில் முடிகிறதென்றால் மே மாதம் பார்ப்பதில் பயனில்லை, சுவரெல்லாம் காய்ந்து கிடக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு, முந்தின டிசம்பரிலேயே பார்த்துவிட வேண்டும்.

முதலில் பாத்ரூம். தரை ட்ராப்பை, அதாவது தண்ணீர் வெளியேறும் தரைத் துளையை, இறுக்கமாக அடைத்து, வாசல் கல்லைத் தாண்டாதபடி 2 முதல் 3 செ.மீ. தண்ணீர் கட்டுங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, 48 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டு சீலிங்கைப் போய்ப் பாருங்கள். ஈரம் இறங்கினால் வாட்டர்ப்ரூஃபிங் (நீர் கசியாமல் தடுக்கும் பூச்சு) போச்சு. அதைச் சுவரில் ஒரு அடியாவது ஏற்றாமல் தரையோடு நிறுத்தியிருப்பார்கள், அல்லது குழாய் ஸ்லாபைத் துளைக்கும் இடத்தைச் சுற்றிச் சரியாக அடைத்திருக்க மாட்டார்கள். தண்ணீர் கட்டியபோது கசியாமல் குளிக்கும்போது மட்டும் கசிந்தால், கழிவுக் குழாயின் இணைப்பைச் சந்தேகப்படுங்கள். யாருமே புழங்காதபோதும் இரவும் பகலும் சொட்டினால், சுவருக்குள் ஓடும் தண்ணீர் லைன். வாட்டர்ப்ரூஃபிங்தான் போனது என்றால் டைல்ஸைப் பெயர்த்து முதலிலிருந்து செய்தாக வேண்டும். டைல்ஸ் இடுக்கில் எபாக்ஸி பசையைப் பூசிவிட்டு “முடிஞ்சுது சார்” என்பது ஏமாற்று வேலை, ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து விரிசல். பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை வெடிப்புகளுக்குப் பயம் வேண்டாம். பீமும் சுவரும் சேரும் இடத்தில் கோடு கிழித்தாற்போல் படுக்கையாக வெடித்திருந்தால், பெரும்பாலும் அங்கே சிக்கன் மெஷ் (மெல்லிய கம்பி வலை) வைக்காமல் பூசியிருக்கிறார்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, சுவரின் இரு பக்கமும் தெரிந்தால் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை எபாக்ஸியால் ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் வந்தாக வேண்டும். தூணில் நெடுக விரிசலும் துருக்கறையும் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன், போதாமல் உள்ளே கம்பி துருவேறி வீங்குகிறது, கடற்காற்று படும் ஈசிஆர் பக்கம் இது இன்னும் வேகமாக நடக்கும். அதன்மேல் பட்டி பூசுகிறவர்களை என்ன சொல்வது!

அடுத்து மின்சாரம். மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி ட்ரிப் ஆனதும் திருப்தியாகிவிடாதீர்கள். எர்த் இருக்கிறதா என்று அந்தப் பட்டன் சொல்லாது, ஒவ்வொரு பிளக் பாயின்டிலும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மொட்டை மாடி, சம்ப், லிஃப்ட் குறைகளை அசோசியேஷன் தனியாக எழுதட்டும்.

வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பி என்ன பயன்? அறைவாரியாகப் பட்டியல், தேதியோடு படங்கள், இன்ஜினீயர் அறிக்கை எல்லாம் சேர்த்து மின்னஞ்சலிலும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டிலும் கெடுவுக்கு முன்பே அனுப்புங்கள். அவர்கள் வந்து பார்ப்பதற்குள் நீங்களே உடைத்துச் சரிசெய்தால் ஆதாரமும் போய்விடும், பழியும் உங்கள் மேல் விழும். 30 நாள் தாண்டினால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார். இழப்பீடு கேட்பதென்றால் அங்கே உள்ள தீர்ப்பு அதிகாரியிடம் தனி மனு.

பில்டர் பயந்து வேலைக்கு ஆள் அனுப்பினாலும் கவனம். டைல்ஸ் ஒட்டிய ஈரம் காயுமுன்பே “எல்லாக் குறையும் சரிசெய்யப்பட்டது” என்று ஒரு தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். அதே பாத்ரூமில் மறுபடி 48 மணி நேரம் தண்ணீர் நிற்கட்டும், கீழ்வீட்டு சீலிங்கைப் பார்த்த பிறகு பேனாவை எடுங்கள்.