விமானமும் வேண்டும், குருவியும் வேண்டும்

(தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே மவுண்ட் மோர்லண்ட். தைப்பூசத்துக்கு முந்தைய நாள், மாலை ஆறரை மணி. நாணல் படுகைக்கு மேலே ஒரு புல்மேடு. முருகேஷ் கேமரா ஸ்டாண்டை நிறுத்துகிறான். எங்கே படம் எடுக்க நினைத்தானோ, சரியாக அங்கேயே மடக்கு நாற்காலியை விரித்து அமர்கிறார் சரோஜா அத்தை. அத்தைகளுக்கு அந்த இடம் எப்படியோ தெரிந்துவிடுகிறது.)

முருகேஷ்: அத்தை, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். படம் முழுக்க உங்கள் கொண்டைதான் தெரிகிறது.

அத்தை: தெரியட்டுமே. போட்டிக்கு என்ன தலைப்பு?

முருகேஷ்: இயற்கையும் வளர்ச்சியும் சந்திக்கும் இடம்.

அத்தை: அப்படியானால் கொண்டையையே எடு. பாதி என் முடி, பாதி கடையில் வாங்கியது.

முருகேஷ்: விளையாடாதீர்கள். ஐரோப்பாவிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த தகைவிலான் குருவிகள் வானம் கொள்ளாமல் சுற்ற வேண்டும். நடுவிலே விமானம் இறங்க வேண்டும். இரண்டும் ஒரே படத்தில்!

அத்தை: எத்தனை குருவி வரும்?

முருகேஷ்: ஒரு காலத்தில் முப்பது லட்சம் வரை வந்ததாகச் சொல்கிறார்கள்.

அத்தை: யார் எண்ணினார்களாம்? எங்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களையே உன் மாமாவால் சரியாக எண்ண முடியவில்லை.

முருகேஷ்: (பெருமூச்சுடன்) 2010இல் விமான நிலையம் வருமுன் இங்கே வெறும் இயற்கைதான். கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு.

அத்தை: கரும்பு இயற்கையா? அது தானாகவா முளைத்தது? அதை நடவும் வெட்டவும்தானே 1860இலிருந்து நம்மவர்களைக் கப்பல் கப்பலாக ஏற்றி வந்தார்கள்! என் பாட்டியின் முதுகு இயற்கையாகவா வளைந்தது?

முருகேஷ்: நான் அப்படிச் சொல்லவில்லை...

அத்தை: கேட்வே மால் இருக்கும் இடமும் கரும்புதான். அறுவடைக்கு முன் கொளுத்துவார்கள். வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் கறுப்பாகத்தான் எடுக்க வேண்டும். 2001இல் மால் திறந்ததும் உன் மாமாவை அழைத்துப்போனேன். "நான் சாம்பல் தின்ற இடத்தில் காப்பி விற்கிறார்கள்" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். காப்பியின் விலையைப் பார்த்த பிறகு வீட்டுக்கே திரும்பிவிட்டார்.

முருகேஷ்: அத்தை! சமோசா!

(ஒரு வெர்வெட் குரங்கு டப்பாவோடு கார் கூரையில் ஏறிவிட்டது.)

அத்தை: விரதச் சமோசா, வெறும் உருளைக்கிழங்கு. அதுவும் நாளைக்குக் காவடி எடுக்கிறதோ என்னவோ! கார், குரங்கு, டப்பா... உன் தலைப்பு கூரையிலேயே உட்கார்ந்திருக்கிறது. எடுத்தாயா?

முருகேஷ்: இது 400 மில்லிமீட்டர் லென்ஸ். இவ்வளவு பக்கத்தில் எதுவும் தெளிவாக விழாது.

அத்தை: அதுதானே, அவ்வளவு பணம் கொடுத்திருக்கிறாயே.

(ஒரு விமானம் இறங்குகிறது. வானத்தில் ஒரு குருவி கூட இல்லை. விமானம் போன பிறகு குருவிகள் வருகின்றன. முதலில் பத்து, பிறகு ஆயிரம், பிறகு புகை போல. இப்போது விமானம் இல்லை.)

முருகேஷ்: இதென்ன சோதனை! ஒன்று வந்தால் மற்றொன்று வர மறுக்கிறதே!

அத்தை: குருவிகளைக் கவனிக்கவே விமான நிலையத்தில் ரேடார் வைத்திருக்கிறார்கள், கூட்டம் குறுக்கே வந்தால் விமானத்தைக் காத்திருக்கச் சொல்வார்கள் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தது யார்?

முருகேஷ்: நான்தான்.

அத்தை: அப்படியானால் நீ கேட்கும் படம் அமையவே கூடாது என்று சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவர் நன்றாக இருக்கட்டும். போன மாதம் அந்த விமானத்தில்தான் நான் ஜோகன்னஸ்பர்க் போய் வந்தேன்.

முருகேஷ்: குருவியாவது கிடைக்கட்டும். வெளிச்சம் வேறு போகிறது... ஐயோ, பேட்டரி!

(குனிந்து பையைத் துழாவுகிறான். நிமிரும்போது வானம் காலி. நாணலுக்குள் மட்டும் ஓயாத கீச்சொலி.)

முருகேஷ்: எல்லாம் இறங்கிவிட்டனவா? ஏன் அத்தை சொல்லவில்லை?

அத்தை: வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். பிளந்த வாயால் எப்படிச் சொல்வது?

முருகேஷ்: எப்படி இருந்தது?

அத்தை: கரும்பு கொளுத்தும்போது சாம்பல் மேலே போகுமே... அத்தனையும் ஒரே நொடியில் திரும்பக் கீழே வந்தது போல.

முருகேஷ்: நாளைக்கு வருவோமா?

அத்தை: நாளைக்குக் காவடி. சனிக்கிழமை வா. பேட்டரி என்னிடம் இருக்கட்டும்.