அந்தப் பிள்ளை பேசியது தன் கருத்தை அல்ல

பத்து நாளாக டர்பனில் நம்மவர்களின் வாட்சப் குழுக்களில் எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த நாற்பது வினாடி வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாதிரி ஐ.நா. கூட்டம் ஒன்றில் நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, இந்தியர்களை ஒடுக்கிய அன்றைய தென்னாப்பிரிக்க அரசின் தரப்பாக நின்று பேசுகிற வீடியோ. தானாக அடங்கிவிடும் என்று பொறுத்திருந்தேன். நேற்று ராத்திரி ஒருவர், அந்த அரசின் பிரதமராக இருந்த ஸ்மட்ஸை வைத்து, அந்தப் பிள்ளைக்கு ‘ஸ்மட்ஸ் பேத்தி’ என்று பெயர் வைக்க, வரிசையாகச் சிரிப்புப் பொம்மை விழுந்ததைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை அவள்.

அவள் பேசியது தன் கருத்தை அல்ல. தனக்கு ஒதுக்கப்பட்ட நாட்டின் கருத்தை. மாதிரி ஐ.நா. என்பதே அதுதான். பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு நாடாக உட்காருவார்கள். எந்த நாடு என்பதை நடத்துகிறவர்கள்தான் கொடுப்பார்கள். ‘நான் நினைக்கிறேன்’ என்று பேசக்கூடாது, ‘எங்கள் நாடு கருதுகிறது’ என்றுதான் பேச வேண்டும். பிறகு கூட்டாளி தேடி, தீர்மானம் எழுதி, வரிக்கு வரி வாதாடி, ஓட்டுக்கு விடுவார்கள். பெரும்பாலும் இன்றைய விவகாரங்கள்தான் வரும்: அகதிகள், தண்ணீர், அணு ஆயுதம். இந்த முறை ஒரு குழுவுக்கு மட்டும் 1946-ஆம் ஆண்டின் பொதுச்சபையைக் கொடுத்தார்கள். விவகாரம், தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நடத்தப்படும் விதம். நம் வீட்டு விவகாரம். அவளுக்கு வந்தது தென்னாப்பிரிக்க யூனியன், அதாவது அன்றைய தென்னாப்பிரிக்கா.

அவள் சனிக்கிழமைகளில் என்னிடம் தமிழ் படிக்க வருகிறவள். நாடு என்னவென்று தெரிந்ததும் நேராக என்னிடம் வந்து, “ஆன்ட்டி, மாத்திக் கேக்கட்டுமா?” என்றாள். வேண்டாம், இதையே பேசு என்று சொன்னது நான். திட்ட வேண்டும் என்றால் என்னைத் திட்டுங்கள்.

மூன்று வாரம் படித்தாள். சின்னச் சின்ன அட்டைகளில் நீல மையில் எழுதி, மூலையில் எண் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருந்தாள். நாலாவது அட்டைதான் நீங்கள் எல்லோரும் பார்த்த அந்த நாற்பது வினாடி: ‘இது எங்கள் உள்நாட்டு விவகாரம், சாசனத்தின் 2-ஆம் பிரிவு 7-ஆம் உட்பிரிவின்படி இதில் தலையிட இந்த அவைக்கு அதிகாரம் இல்லை.’ இது அவள் கண்டுபிடித்த வாதம் இல்லை. ஸ்மட்ஸ் தரப்பு நியூயார்க்கில் உண்மையிலேயே வைத்த வாதம். அதை எழுதிக்கொண்டே அவள் என்னிடம் கேட்டாள்: “ஐ.நா. சாசனத்தோட முகவுரைக்கு முதல் வரைவு எழுதினவரே இவர்தானே ஆன்ட்டி? மனித உரிமைன்னு 1945-ல எழுதிட்டு, அடுத்த வருஷமே என் வீட்டுல எட்டிப் பாக்காதேன்னு எப்படிச் சொல்ல முடிஞ்சது?” எனக்குப் பதில் தெரியவில்லை. இப்படிக் கேட்கிற பிள்ளையைத்தான் ஸ்மட்ஸை நம்பிவிட்டாள் என்கிறீர்கள்.

அந்த வருடம் என்ன நடந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கோடு போட்ட சட்டம் 1946-இல் வந்தது. கெட்டோ சட்டம் என்று நம் பெரியவர்கள் சொன்னது அதைத்தான். அதை எதிர்த்து இங்கே இந்தியர்களின் தலைவர்களான டாக்டர் மான்டி நாயக்கரும் டாக்டர் யூசுஃப் தாதூவும் மறியலை நடத்தினார்கள். இந்தியா விவகாரத்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது, இந்தியக் குழுவின் தலைவர் விஜயலட்சுமி பண்டிட் அங்கே ஸ்மட்ஸுக்கு எதிரே நின்று பேசினார். டிசம்பர் 8-ஆம் தேதி வாக்கெடுப்பு. ஆதரவு 32, எதிர்ப்பு 15, நடுநிலை 7. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அந்த 32-இல் ஒரே ஒரு நாடு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தாலும் தீர்மானம் விழுந்திருக்கும். அவ்வளவு பக்கத்தில் வந்து தோற்ற வாதத்தை, என்னவென்று தெரிந்துகொள்ளாமல் நாம் எதை வென்றோம் என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

என் ஆயா, அதாவது பாட்டி, அப்போது டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில் இருந்தார். அம்பிலோ ரோடும் கேல் ஸ்ட்ரீட்டும் சேரும் இடத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு தடவை சோறு கொண்டுபோனதாகச் சொல்வார். ராத்திரியில் வெள்ளைக்கார வாலிபர்கள் வந்து கூடாரத்தைப் பிடுங்கி அடித்ததையும் சொல்வார். சோற்றுப் பானையை மூடியிருந்த துணி என்ன நிறம் என்பது கூட அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அந்தக் கூடாரத்துக்காக நியூயார்க்கில் யார் பேசினார்கள், எதிரே நின்றவர் என்ன சொன்னார் என்பது சாகும் வரை அவருக்குத் தெரியாது. நான் படித்த காலத்தில் புத்தகத்தில் ஸ்மட்ஸ் பெரிய ராஜதந்திரி. ஒருநாள் எழுந்து, மறியல் செய்தவர்களைப் பற்றி ஏன் சார் ஒன்றும் இல்லை என்று கேட்டேன். ஆசிரியர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, “உக்காரும்மா” என்றார். அவ்வளவுதான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, சம்பளக்காரர், பயம். ஆனால் அந்தக் கதவு சாத்தின சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதே ஸ்மட்ஸைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தின் பிள்ளை ஒருத்தி நூறு பேருக்கு முன்னால் பிரித்துக் காட்டினாள். அதற்குத்தான் இந்தப் பெயர்.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்தியாவைக் கொடுத்திருக்கலாமே என்கிறார்கள். அன்று இந்தியாவாகப் பேசியது உம்லாசியிலிருந்து வந்த ஒரு சூலுப் பையன். ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலிகள் மேல் அந்தக் காலத்தில் போட்ட மூன்று பவுண்டு வரியைப் பற்றி அவன் பேசும்போது பின்வரிசையில் இருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. அவனை யாரும் இந்தியன் ஆகிவிட்டான் என்று சொல்லவில்லை. அவன் வீடியோவை நம்மில் ஒருவர் கூடப் பகிரவும் இல்லை. அவன் பேசினால் அது பேச்சு, இவள் பேசினால் அது துரோகமா?

நவி பிள்ளை அம்மாவின் படத்தை இதே குழுவில் எத்தனை தடவை போட்டிருக்கிறோம்! டர்பன் பஸ் டிரைவரின் மகள், நம் தமிழ்ப் பெண், ஐ.நா.வின் மனித உரிமை ஆணையர் என்று. அவர் நீதிபதியாக உட்கார்ந்த ருவாண்டா தீர்ப்பாயத்தில், இனப்படுகொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் வக்கீல் இருந்தார். அந்த வக்கீல் சொன்னதை முழுக்கக் கேட்டுத்தான் 1998-இல் தண்டித்தார்கள். அந்த வக்கீலைக் கொலைகாரன் என்பீர்களா?

இது காசுள்ள பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் உண்மை இருக்கிறது. கட்டணம் உண்டு, பஸ் செலவு உண்டு, இவள் போட்டிருந்த கோட்டு அத்தை மகளுடையது. அதற்கு வழி செய்ய வேண்டியது நாம்தான்.

ஐ.நா. என்ன கிழித்தது என்றும் கேட்கிறார்கள். சரி, தீர்மானத்தை அரசாங்கம் மதிக்கவில்லை. 1950-இல் இனத்துக்கு ஒரு பகுதி என்று ஊரையே பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டமே வந்தது, அதில்தான் எங்கள் குடும்பம் பாரக்ஸிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கி எறியப்பட்டது. ஆனாலும் விவகாரம் அடங்கவில்லை, திரும்பத் திரும்ப அதே சபைக்கு வந்தது. 1974-இல் பொதுச்சபை தென்னாப்பிரிக்காவை உள்ளே உட்கார விடவில்லை, 1994 வரைக்கும். உள்நாட்டு விவகாரம் என்ற அந்த நாலாவது அட்டையை உடைக்க அத்தனை வருடம் ஆனது.

போன வருடம் நம் பையன் ஒருவன் வடகொரியாவாகப் பேசினான். கோயில் ஹாலில் கூப்பிட்டுச் சால்வை போட்டோம், நானும் கை தட்டினேன். அவனை யாரும் சர்வாதிகாரி என்று சொல்லவில்லை. இவளுக்கு மட்டும் ‘வாய் நீளம்’, ‘கோட்டு போட்டால் துரையா’, ‘யார் வளர்த்தது’. இதையெல்லாம் நல்ல தமிழில்தான் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊரில் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள்? அவர்களில் ஒருத்தி கஷ்டப்பட்டுப் படித்த முதல் நீளமான தமிழ் தன்னைப் பற்றிய வசையாக இருந்தது. என்னால் இதைத் தாங்க முடியவில்லை.

வீடியோவை வெட்டினவர் மிச்சத்தையும் போட்டிருக்கலாம். வாக்கெடுப்பில் அவள் தோற்றாள். பெயர்ப் பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்துபோய் இந்தியாவாகப் பேசிய அந்தச் சூலுப் பையனின் கையைக் குலுக்கினாள். மத்தியானம் இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு குவார்ட்டர் பன்னியை, குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் நம் டர்பன் சாப்பாட்டை, பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள், விரலெல்லாம் குழம்பு.

போன சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. அடுத்த கூட்டத்துக்குக் கொடுத்த பெயரையும் திரும்ப வாங்கிவிட்டதாக அவள் அம்மா போனில் சொன்னார். அட்டைக் கட்டு என் மேசையில் கிடக்கிறது.

முதலில் அந்த வீடியோவை அனுப்பியது என் பெரியப்பா மகன். அண்ணா, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நம் ஆயா ஒருத்திதான் நம் இரண்டு பேருக்கும். அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். எடுத்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், சனிக்கிழமைக்குள் நான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.