ராத்திரி 11 மணியிலிருந்து 3 மணி வரை

என் அக்கா மகன் இறந்து வருகிற மாதத்தோடு ஒரு வருஷம். நாலு வயசுப் பிள்ளை. காய்ச்சலும் வாந்தியுமாக இருந்தவனைக் கோத்தகிரியில் பார்த்துவிட்டு, "கீழே கொண்டு போயிடுங்க" என்றார்கள். மேகம் இறங்கிய ராத்திரி. 108-ல் என் மடியில் படுத்துக்கொண்டு, வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் "வீட்டுக்குப் போலாம் மாமா" என்றான். அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் ஒன்பதே முக்காலுக்குச் சேர்த்தோம். விடியக்காலை நாலரைக்குப் போய்விட்டான்.

கேஸ் ஷீட் நகல் வாங்க மூணு மாசம் அலைந்தேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-லேயே மருத்துவ கவுன்சில் விதி போட்டிருக்கிறது. நாடி, மூச்சு, காய்ச்சல் எழுதுகிற கட்டங்கள் அதில் இருக்கின்றன. 11 மணிக்கு எழுதியிருக்கிறது. அடுத்தது 3 மணிக்கு. நடுவில் வெறும் வெள்ளை. அந்த நேரத்தில்தான் அக்கா மூணு தடவை எழுந்து போய், "கை காலெல்லாம் சில்லுன்னு இருக்கு சிஸ்டர்" என்று சொன்னாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அந்த சிஸ்டர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. ஒரு கையில் ட்ரிப்ஸ் பாட்டில், இன்னொரு பக்கம் ஒரு பிள்ளைக்கு வலிப்பு. முப்பத்தி நாலு பிள்ளைகளுக்கு அவர் ஒருத்தர்தான். ட்யூட்டி டாக்டர் வேறு வார்டில்.

சிஸ்டரை சஸ்பெண்ட் செய்தார்கள். "நடவடிக்கை எடுத்தாச்சுங்க" என்று எங்களிடம் சொன்னார்கள்.

எனக்கு அது போதவில்லை. அவருக்கு இரக்கம் காட்டச் சொல்லவில்லை. மூணாவது தடவையாவது அவர் வந்து பார்த்திருக்க வேண்டும். ஆனால் முப்பத்தி நாலு பிள்ளைக்கு ஒருத்தரைப் போட்டவர் யார்? அந்தக் கையெழுத்து எந்த விசாரணையிலும் வரவில்லை.

"உள்ளே தள்ளு" என்று சொந்தக்காரர்கள் சொல்ல, வக்கீலிடம் போனேன். 2024 ஜூலை 1 முதல் இருக்கிற குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-வது பிரிவு. அலட்சியத்தால் உயிர் போனால் 5 ஆண்டு வரை சிறை. சிகிச்சை கொடுக்கும்போது மருத்துவரால் நடந்தால் 2 ஆண்டு வரை. மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தான் அந்தக் குறைப்பு. நர்ஸ் அதில் வரமாட்டார். ஒரே ராத்திரி, ஒரே பிள்ளை, ஆனால் கீழே இருப்பவருக்குத் தண்டனை கூட. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், டாக்டர் மேல் கிரிமினல் வழக்கென்றால் சாதாரணத் தவறு போதாது, மிக மோசமான அலட்சியம் வேண்டும், வேறொரு மருத்துவரின் கருத்தும் வாங்க வேண்டும் என்றது. அது சரிதான் என்று இப்போது நினைக்கிறேன். நஷ்டஈடு கேட்கலாம் என்றால், எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-லேயே தீர்ப்பு. காசு கொடுத்தவனுக்கு நுகர்வோர் கோர்ட். தேயிலை பறிக்கிற என் அக்காவுக்கு போலீஸ் ஸ்டேஷன், இல்லையென்றால் சென்னை ஹைகோர்ட்டில் ரிட் மனு. பிள்ளையைப் பறிகொடுத்த ஏழை ஏன் ஒரு டாக்டரையோ நர்ஸையோ மட்டும் பிடித்துக்கொள்கிறான் என்றால், வேறு வாசலைத் திறந்து வைக்கவில்லை, அதனால்தான்.

இங்கிலாந்தில் லெஸ்டர் ஆஸ்பத்திரியில் 2011-ல் ஆறு வயசுப் பையன் ஒருவன் இறந்தான். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, ரத்தப் பரிசோதனை முடிவு தாமதம், சீனியர் டாக்டர் சாயந்தரம் வரை ஊரிலேயே இல்லை. 2015-ல் பயிற்சி டாக்டர் ஹடிசா பாவா-கார்பாவுக்கும் ஒரு நர்ஸுக்கும் தண்டனை. நிர்வாகம் கூண்டில் ஏறவில்லை. 2018 ஜனவரியில் பதிவேட்டிலிருந்து அந்த டாக்டரின் பெயரை நீக்கி, ஆகஸ்டில் மேல்முறையீட்டில் திரும்பச் சேர்த்தார்கள். தங்கள் தவறை எழுதி வைக்கவே பயமாக இருக்கிறது என்று அங்கே டாக்டர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். எழுதாவிட்டால் அடுத்த பிள்ளையின் அப்பனுக்கும் வெள்ளைக் கட்டம்தானே கிடைக்கும்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று அன்று கையெழுத்துப் போட்டது நான். அந்தப் பிஞ்சு உடம்பைக் கூறு போட விட மனசு வரவில்லை. எதனால் செத்தான் என்று இன்று எங்களுக்குத் தெரியாமல் போனதில் என் கையெழுத்துக்கும் பங்கு இருக்கிறது. யாருக்காவது இப்படி நேர்ந்தால், தயவுசெய்து மறுக்காதீர்கள்.

அன்றைய நைட் ட்யூட்டி பட்டியலையும், அந்த வார்டுக்கு எத்தனை நர்ஸ் பணியிடம், எத்தனை காலி என்பதையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். முப்பது நாளில் பதில் வரவில்லை. மேல்முறையீடு போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று தோட்டத்துக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவும் வருகிறாள்.