குடுக்குறீங்களாண்ணே?

சிக்னல்ல நின்னா போதும், பக்கத்துல ஒருத்தன் எட்டிப் பார்த்து, "யமஹா ஆர்எக்ஸ் 100 தானேண்ணே? குடுக்குறீங்களா?"ன்னு ஆரம்பிச்சிடுறான். 1996-லயே உற்பத்தி நின்னுபோன 98 சிசி டூ-ஸ்ட்ரோக் பைக், ஆசைப்படட்டும். ஒர்க்‌ஷாப்புக்குப் போனாத்தான் எரிச்சலே. மேக்னெட் கவரைக் கழட்டி, பிளக்குல பொறி வர வைக்கிற பாயின்ட்டை உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு, கேப் வச்சு, பொறி சரியான நேரத்துல வர்ற மாதிரி டைமிங் பிடிக்கச் சொன்னா, பையன், புது வண்டிகள்ல கோளாறு பார்க்கிற மெஷினை நினைச்சுக்கிட்டு, "ஸ்கேனர் எங்கண்ணே சொருகுறது?"ங்கிறான். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி நிறம் பார்க்கிற பழக்கமே போச்சு. முனை காப்பித்தூள் நிறத்துல இருந்தா சரி, ஈரமா கரி அப்பியிருந்தா ஆயிலையோ கார்புரேட்டரையோ கவனிக்கணும். (இதைச் சொன்னா நான் பெருசாம்!) பங்க்ல டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஊத்துற 2டி ஆயில் கேட்டா முழிக்கிறாங்க. இதுல சைலன்சருக்குள்ள இருக்கிற குழாயை உருவிப் போட்டுட்டு, ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவையே அலறவிடுற கூட்டம் வேற. அதுக்குப் பேரு டியூனிங்காம்!